வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீர்

டர்ர் என்று ஒரே இழுப்பில் கிழிந்த தாளின் சத்தம். அதன் பிறகு, இருபது பெண்கள் மூச்சை அடக்கி நின்ற அந்த ஆய்வகத்தில் பர்னரின் மெல்லிய சீறல் மட்டும். நாற்பத்தொரு வருடம் ஆகிவிட்டது. பாளையங்கோட்டைக் கல்லூரியில் அந்த நீள அறையையே இடித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆனாலும் வாஷிங் மெஷின் பார்க்க வந்த மெக்கானிக் குந்தியிருந்து தன் பையின் ஒட்டுப்பட்டையைப் பிடித்து இழுத்தபோது அதே சத்தம், கொஞ்சமும் தேயாமல், லோகநாயகியின் காதில் வந்து விழுந்தது. அவள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டாள். பகல் பதினொன்றேகால். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். பதினோராவது மாடியில் வெயில் சமையலறை மேடை வரைக்கும் வந்து நின்றது. அதற்கு அப்பால் இருந்த சின்ன பால்கனிக்கு எந்த மாதத்திலும் வெயில் வருவதில்லை. வந்தாலும் அங்கே கொடி கட்டக் கூடாது என்பது குடியிருப்புச் சங்கத்தின் சட்டம். வெளியிலிருந்து பார்த்தால் உள்பாவாடைகள் தெரியுமாம். அதனால்தான் துவைத்து, உலர்த்தி, மடிக்கிற பதத்தில் கொடுக்கும் இந்த மெஷினை மகன் வாங்கி அந்தப் பால்கனியில் போட்டான். மெக்கானிக்கின் பெயர் மீரான் என்று சட்டைப் பையில் தைத்திருந்தது. நாற்பது வயது இருக்கும். "என்னம்மா கம்ப்ளெயின்ட்?" என்றான். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம்தான். "துணி ரொம்பச் சூடாகிறது" என்று சொல்லிவிட்டு, குரல் நடுங்கியதோ என்று ஒரு கணம் தன் குரலையே திரும்பிப் பார்த்தாள். மருமகள் சுகன்யாவிடம் வேறு சொல்லியிருந்தாள். மெஷினில் ஏதோ சத்தம் வருகிறது, ஆளை வரச் சொல்லு என்று. சத்தம் எதுவும் வரவில்லை. "கருகுதா?" என்றான் மீரான். "கொஞ்சம்" என்றாள். கருகலில் என்ன கொஞ்சம், நிறைய.

கருகியவை இரண்டு தலையணை உறைகள். அவளுடைய மெத்தைக்கு அடியில் இருக்கின்றன, திருடின பொருள் மாதிரி நான்காய் மடித்து. நேற்று பிற்பகல் அவளேதான் மெஷினில் போட்டாள். மார்கழிக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் உலர்த்தும் பக்கத்தைத் தொடவில்லை. சுகன்யா துவைக்க மட்டும் விட்டு, கூடத்தில் கம்பி ஸ்டாண்டில் மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டு வந்தாள். நேற்று ஸ்டாண்டில் இடமில்லை. இரண்டே இரண்டு உறைதானே என்று லோகநாயகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, குமிழைத் திருப்பிக் குறைந்த சூட்டுக்கு உள்ள ஒற்றைப் புள்ளியில் நிறுத்தினாள். நிறுத்தினாளா? நிறுத்தியது விரலுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அறுபத்தொன்பது வயது விரலை எவ்வளவு நம்பலாம்? போன வாரம் உப்பை இரண்டு முறை போட்டது இந்த விரல்தான். வங்கியில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்களே, அதுவும் இந்த விரல்தான். ஆகையால் நேற்றும் குமிழ் முழுச் சூட்டுக்கு உள்ள மூன்று புள்ளியில் நின்றிருக்கலாம். நின்றிருக்க வேண்டும். இரவெல்லாம் அந்த உறைகளின் மேல் படுத்துக்கொண்டு அவள் வேண்டிக்கொண்டது அதைத்தான்: எனக்கு மறதி வந்துவிட்டது என்று இருக்கட்டும். மூளை தேய்கிறது என்று டாக்டர் சொன்னாலும் சரி, மாத்திரை கொடுத்தாலும் சரி, சுகன்யா அடுப்பை அணைத்தேனா என்று மறைவாக வந்து பார்த்தாலும் சரி. மெஷின் மட்டும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். உலகத்தில் எந்தக் கிழவியாவது தனக்குப் புத்தி பேதலிக்கட்டும் என்று வேண்டுவாளா? காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் அந்த வேண்டுதலின் முகம் தெரிந்தது. அவள் வாயைக் கொப்பளித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏனென்றால் மெஷின் பழுது என்றால் செல்வராணி சொன்னது உண்மை. செல்வராணி இந்த பிளாக்கில் ஐந்து வீட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவள். கண்ணகி நகரிலிருந்து ஆறரை மணி பஸ். நல்ல உயரம், குதிகாலில் வெடிப்பு, சிரித்தால் தலை பின்னால் போகும். மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மெஷினிலிருந்து எடுத்து நீட்டிய சுங்குடிப் புடவையில், மடிப்புக்கு மடிப்பு, நாக்கு நாக்காகப் பழுப்புக் கருகல். அரக்குநிறச் சுங்குடி. ஓய்வு பெற்ற அன்று கடைசி வகுப்புப் பெண்கள் சேர்ந்து வாங்கித் தந்தது. "ஃபுல் சூட்டுல வச்சியா?" "இல்ல டீச்சரம்மா. நீங்க காட்டிக் குடுத்த அதே புள்ளிலதான் வச்சேன்." "அப்ப மெஷின் பொய் சொல்லுதா?" இந்த வாக்கியத்தைச் சொன்னபோது தன் குரலில் பழைய வகுப்பறையின் மிடுக்கு வந்ததை லோகநாயகி கவனித்தாள். கவனித்து, ரசித்தாள். செல்வராணி கையிலிருந்த புடவையை மேடைமேல் வைத்தாள். "பொய்யோ நெசமோ எனக்குத் தெரியாதும்மா. நாலு நாளா கதவு கண்ணாடியில கை வச்சா பொசுக்குது, பாருங்கன்னு உங்ககிட்ட சொன்னேனா இல்லியா?" சொன்னாள். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. இரண்டு முறையும் லோகநாயகி செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "டிரையர்னா சுடத்தான் செய்யும், பின்ன ஐஸாவா இருக்கும்?" என்று சிரித்திருந்தாள். வந்து ஒரு முறை கையை வைத்துப் பார்த்திருந்தால் போதும். பத்து அடி. சாய்வு நாற்காலியிலிருந்து பால்கனிக்குப் பத்து அடிகூட இருக்காது.

அதோடு விட்டிருக்கலாம். திட்டினோம், போனாள், வேறு வீடு பார்த்துக்கொள்வாள். ஆனால் குடியிருப்பில் கேட் ஆப் என்று ஒன்று உண்டு. வேலைக்கு வருகிறவர்கள் வாசலில் நுழைந்ததும் செல்போனில் மணி அடிக்கும். ஒவ்வொருத்திக்கும் படம், பெயர், நட்சத்திரம், கீழே வீட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பு. மகன் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தான். அன்று மாலை லோகநாயகி ஒற்றை நட்சத்திரத்தை அழுத்திவிட்டு எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியது நீளமாக இருந்தது. அடித்தாள். மறுபடி எழுதினாள். கடைசியில் வந்து அமைந்தது இது: 'சூட்டைப் பற்றிய அறிவும் இல்லை, சொன்னால் கேட்கும் பணிவும் இல்லை.' வாய்விட்டு ஒரு முறை படித்தாள். இரண்டு பக்கமும் எடை சரியாக, தராசு மாதிரி நின்றது. கல்லூரி மலரில் கவிதை எழுதிய கை அல்லவா. ஏழாவது மாடிக்காரர், 'மேடம், உங்க தமிழே தனி' என்று கை தட்டும் பொம்மை போட்டிருந்தார். அன்றைக்குக் காப்பி நன்றாக இருந்தது. அந்தக் காப்பியின் ருசிகூட நினைவில் இருக்கிறது, டிகாஷன் திக்காக, சர்க்கரை அளவாக. மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே போனால் எல்லா வீட்டுப் போனிலும் பெயர் சிவப்பாகிவிடும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. தெரியாதா? தெரிந்துகொள்ள முயலவில்லை. பொங்கலுக்குள் ஒவ்வொரு வீடாகச் செல்வராணியை நிறுத்திக்கொண்டு வருகிறார்கள் என்று லிஃப்டில் யாரோ பேசியபோது, லோகநாயகி மாடி எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இதைப் பாருங்க." மீரான் மெஷினை முன்னால் இழுத்துப் பின்பக்கத் தகட்டைக் கழற்றியிருந்தான். உள்ளேயிருந்து சூடான பஞ்சின் வாசனை வந்தது. துணியிலிருந்து உதிர்ந்த தூசி சாம்பல் நிறக் கம்பளியாகப் படிந்திருந்தது. அதை வழித்துப் போட்டுவிட்டு, காற்று போகும் குழாயிலிருந்து ஒரு சிறிய பொருளை இரண்டு விரலால் உருவினான். பெருவிரல் நகத்தளவு உலோக முனை, வாலாக இரண்டு ஒயர். "சூடு எவ்வளவு இருக்குன்னு இதுதாம்மா மெஷினுக்குச் சொல்லும். இது சொல்றதை வச்சுத்தான் அது ஹீட்டரைப் போடும், நிறுத்தும்." லோகநாயகி குனிந்து பார்த்தாள். முப்பத்திரண்டு வருடம் அவள் பாடம் எடுத்தது இதைத்தான். தெர்மிஸ்டர். இரண்டாம் வருடம், ஆய்வு எண் ஒன்பது. வெப்பம் ஏற ஏற இதன் மின்தடை இறங்கும். குளிரக் குளிர ஏறும். உலோகங்களுக்கு நேர் எதிர். எதிர்மறைச் சுபாவம் உள்ள பொருள் என்று வகுப்பில் சொன்னால் பெண்கள் ஹாஸ்டல் வார்டனின் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். இவ்வளவும் தெரிந்தவள் ஏன் அன்றைக்கு ஒரு நிமிடம் மெஷினைச் சந்தேகப்படவில்லை? அங்கேதான் மனம் போய் இடித்துக்கொண்டு நின்றது. புரியாதவள் செய்த தவறு இல்லை. தெரிந்தவள் செய்தது. மீரான் ஒயரின் இரண்டு முனையிலும் மீட்டரைக் கவ்விப் பிடிக்க வைத்தான். மின்தடையின் எண் ஆடி நின்றது. 7.8. "இன்னைக்கு இருக்கிற வெக்கைக்கு இது சரியான அளவும்மா. சென்சார் நல்லாத்தான் தெரியுது." லோகநாயகியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கட்டவிழ்ந்து சரிந்தது. நல்லது. மறதிதான். எனக்கு மறதிதான். "எதுக்கும் சூட்டுல ஒரு தடவை பாத்துடலாம். ஒரு டம்ளர் வெந்நீர் குடுக்கறீங்களா? நல்லா கொதிக்கக் கொதிக்க இருக்கணும்."

கெட்டிலில் தண்ணீர் ஊற்றி ஸ்விட்சைத் தட்டினாள். தண்ணீர் முதலில் பேசாமல் இருந்தது. பிறகு அடியில் மணல் உரசுவதுபோல ஒரு சத்தம். தண்ணீர் சூடாகும் சத்தத்தைக் கேட்டால் அவளுக்கு எப்போதும் பேச்சித்தாய்தான் நினைவுக்கு வருவாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இரண்டே தாவணி, தினம் ஒன்று துவைத்து ஒன்று கட்டுவாள். ஆய்வு எண் ஒன்பதில் எல்லோருடைய கோடும் ஒரே வளைவாக இறங்க, அவளுடைய கோடு மட்டும் விலகி, தனியாக, ஊரை விட்டு ஒதுங்கிய பாதை மாதிரி இறங்கியது. "மனசுல தோணினதை எழுதியிருக்கே." "இல்ல மேடம். நான் பார்த்ததைத்தான் எழுதினேன்." "அப்ப தெர்மாமீட்டர் பொய் சொல்லுதா?" அதே வாக்கியம். குரலின் அதே ஏற்றம். சுற்றிலும் பெண்கள் சிரித்தார்கள். லோகநாயகி அந்தத் தாளைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். அடுத்த வாரம் ஆய்வக உதவியாளர் மாடசாமி ஒரு தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பாதரச இழை நடுவில் அறுந்து, மயிரிழை அளவு இடைவெளி. அந்த இடைவெளி அளவுக்கு அது தினமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. "எந்த மேஜையில இருந்தது மாடசாமி?" "மூணாவதுங்க மேடம்." மூன்றாவது மேஜை. பேச்சித்தாயின் மேஜை. லோகநாயகி தெர்மாமீட்டரை வாங்கி உடைந்த பொருட்களின் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பேச்சித்தாயிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம், தேர்வு முடியட்டும், ஒரு பேராசிரியை எல்லோர் முன்னாலும் எப்படி. அதன் பிறகு அந்தப் பெண்ணின் அளவுகள் எப்போதும் மிகச் சரியாக இருந்தன. பக்கத்து மேஜைக்காரியின் அளவுகள் எப்படியோ அப்படியே. இரண்டு வருடம், ஒவ்வொரு திங்கள்கிழமையும், அந்தச் சரியான அளவுகளுக்குக் கீழே லோகநாயகி கையெழுத்துப் போட்டாள்.

கெட்டிலில் இன்னும் கொதி வரவில்லை. அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பி மேலே வரும் முன்னே உடைந்துகொண்டிருந்தன. துணி கருகுவது எப்போது? உலர்த்தலின் கடைசியில். சூடு உச்சத்துக்குப் போனபோது. அப்படியானால் அந்தச் சிறிய முனையில் கோளாறு இருந்தால் அது அதிகச் சூட்டில்தான் தெரியும், இளஞ்சூட்டில் தெரியாது. இது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது, கரும்பலகையில் எழுதிப் போட்ட மாதிரி. தெரிந்த அதே கணத்தில் கை போய் ஸ்விட்சை அணைத்தது. கை தானாகப் போனதா, அவள் அனுப்பினாளா என்று கேட்டால், இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. மனிதர்கள் பெரும்பாலும் தப்பு செய்வது அங்கே நின்றுகொண்டுதான். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். போதாக்குறைக்கு, டம்ளர் கையைச் சுடுமே என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, குழாயைத் திறந்து ஒரு வாய் பச்சைத் தண்ணீரும் விட்டாள். வெதுவெதுப்பாக, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்கிற சூட்டில், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மீரான் வாங்கும்போது கைபேசியில் யாருக்கோ, "மதியத்துக்குள்ள வந்துடறேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். டம்ளரின் சூட்டை அவன் கவனிக்கவில்லை. முனையைத் தண்ணீரில் இறக்கினான். 7.8. 6.9. 5.7. எண் படிப்படியாக, அடக்கமாக இறங்கி 4.4-இல் நின்றது. "பாத்தீங்களா, எவ்வளவு அழகா இறங்குது. சென்சார் நூத்துக்கு நூறு."

நூற்றுக்கு நூறு. அவன் அதை மறுபடி குழாயில் செருகினான். பேசிக்கொண்டே வேலை செய்கிறவன். "இந்த மாதிரி நெறைய பாக்கறோம்மா. வேலைக்கு வர்றவங்க சீக்கிரம் காயட்டும்னு ஃபுல்லுல வச்சிட்டுப் போயிடறாங்க. அவங்களைச் சொல்லி என்ன, என் வீட்லயே என் ஜீன்ஸைக் காயப்போட்டு எடுத்து, என் பையனுக்கு அளவா இருக்குன்னு போட்டு விட்டுட்டா. கேட்டா துணி மட்டம்ங்கறா." லோகநாயகி சிரித்தாள். சிரிப்பு எங்கிருந்து வந்தது? மெஷின் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால், சுவர் டைல்ஸில், மூன்று ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. கருஞ்சிவப்பு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. முகம் கழுவும்போது செல்வராணி எடுத்து ஒட்டி வைத்து மறந்தவை. மூன்று நாள் மறதி. அவளுக்கும் மறதி உண்டு என்று ஒரு நினைப்பு சட்டென்று, கெட்டிக்கார வக்கீல் மாதிரி, எழுந்து நின்றது. பொட்டை மறந்தவள் குமிழையும் மறந்திருப்பாள். இந்த வக்கீலை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும் என்று லோகநாயகி நினைத்தாள். மீரான் தகட்டைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கத் தொடங்கினான். ஒன்று. இரண்டு. ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு கிறீச்சுடன் நின்றது. "ரிப்போர்ட்ல பழுது இல்ல, உபயோகத்துல தவறுன்னு போட்டுடறேன்மா. உங்க போனுக்கு ஒரு நாலு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க, முடிச்சுடலாம்." வந்திருந்தது. 6 0 3 1. கையில் போன் ஒளிர்ந்தது. நான்கு எண். சொன்னால் ஒரு காகிதம் கிடைக்கும். காகிதத்தில் அவள் சரி. செல்வராணி தவறு என்று ஒரு நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடும். தலையணை உறைகளைக் குப்பையில் போட்டுவிடலாம். 'ஆறு' என்று உதடு குவிந்தது. மூன்றாவது திருகாணி. மூன்றாவது மேஜை. "சொல்லுங்கம்மா." அவள் தொண்டையைச் செருமினாள். "தண்ணி சூடு பத்தல" என்றாள். "என்னம்மா?" "நான் குடுத்த தண்ணி. கொதிக்கவே இல்ல. பச்சத்தண்ணி கலந்தேன். மறுபடி பாருங்க."

மீரான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபம் இல்லை, மணியைப் பார்த்துக்கொள்கிற ஒரு ஆயாசம் மட்டும். "ஏம்மா கலந்தீங்க?" "கை சுடும்னு" என்றாள். இது பொய் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. அவன் திருகாணிகளைத் திரும்பக் கழற்ற, அவள் கெட்டிலைப் போட்டாள். இந்த முறை அது கொதித்து, தளதளத்து, தானாகவே டக்கென்று அணையும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டம்ளரைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆவி கண்ணாடியில் படிந்து மீரான் மங்கலாகத் தெரிந்தான். முனை உள்ளே போனது. 5. 3.6. 2.2. அழகாகத்தான் இறங்கியது. 1.9. பிறகு எண் ஒரு துள்ளுத் துள்ளி, 26-இல் போய் நின்றது. "அட" என்றான் மீரான். வெளியே எடுத்து உதறி, ஊதினான். கொஞ்ச நேரத்தில் 7.8. மறுபடி கொதிநீர். இறங்கி, இறங்கி, 26. மூன்றாம் முறையும் 26. அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "உள்ள எங்கயோ விரிசல்மா. சூடேறினா விலகுது, ஆறினா ஒட்டிக்குது. ஆறிப்போய் இருக்கும்போது நல்ல பிள்ளை. கொதிக்கிற தண்ணில வச்சிருக்கோம், மெஷினைக் கேட்டா இப்ப ஊட்டில இருக்கேன்னு சொல்லும். சொல்லிட்டு, குளிருதேன்னு இன்னும் ஹீட்டரைப் போடும். ஒரு அளவுக்கு மேல போனா தானா அணைக்கிற கட்-அவுட் வேற ஒண்ணு இருக்கு, அதனாலதான் துணியோட போச்சு, வீட்டுக்கு வரல." "குறைஞ்ச சூட்டுல வச்சாலும் கருகுமா?" "எதுல வச்சாலும் கருகும்." "எவ்வளவு நாளா இருந்திருக்கும்?" "மூணு மாசம், நாலு மாசம். டக்குனு வராது. முதல்ல கதவு கண்ணாடி வழக்கத்தை விட சுட ஆரம்பிக்கும். அப்பவே யாராவது கவனிச்சிருந்தா..." அவன் முடிக்கவில்லை. அவனுக்கு அது முடிக்க வேண்டிய வாக்கியமே அல்ல. புதிய முனையைப் பையிலிருந்து எடுத்து மாட்டினான். அவள் நான்கு எண்ணையும் சொன்னாள். கிளம்பும்போது, "தண்ணி விஷயத்தைச் சொன்னீங்களே, அது நல்லதாப் போச்சும்மா. இல்லைன்னா யாரையாவது சும்மா திட்டிக்கிட்டு இருந்திருப்பீங்க" என்று சிரித்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே போனில் கேட் ஆப்பைத் திறந்தாள். முதலில் அந்த வாக்கியத்தை எடுக்க வேண்டும். செல்வராணியின் படம் வந்தது. வாசலில் காவலாளி எடுத்தது, வெயிலுக்குக் கண் சுருங்கி, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத வாய். கீழே தராசு மாதிரி அந்த வரி. எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாள். மூன்று மாதம் கழித்தும் காது அதை ரசிக்கத் தயாராக இருந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது. அழிப்பதற்கான அடையாளத்தை அழுத்தினாள். 'இவர் தற்போது இங்கு பணியில் இல்லை. பழைய குறிப்புகளை மாற்ற இயலாது.' மறுபடி அழுத்தினாள். அதே செய்தி. சுகன்யாவைக் கூப்பிட்டாள். "என்ன அத்தை, மெக்கானிக் வந்தானா? என்ன சத்தமாம்?" "சத்தம் ஒண்ணும் இல்ல சுகன்யா. நான் பொய் சொன்னேன். மெஷின்தான் கருக்கியிருக்கு. புடவையையும்." மறுமுனையில் கீபோர்டுகள் தட்டப்படும் ஓசை. "ஓ. சரி அத்தை, விடுங்க, பார்ட்டை மாத்தியாச்சுல்ல?" "செல்வராணி..." "அத்தை, நான் மீட்டிங்ல இருக்கேன். சாயங்காலம் பேசலாமா? நீங்க சாப்பிடுங்க." விடுங்க. எவ்வளவு எளிதாக ஒரு சொல். அதைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிடலாம்தான். லோகநாயகி செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

எதிர் வீட்டு வாசலில் கஸ்தூரி மாப் போட்டுக்கொண்டிருந்தாள். செல்வராணியின் தெருக்காரி, அவளை இந்த பிளாக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தவளே இவள்தான். மூன்று மாதமாக லோகநாயகியைக் கண்டால் வாளியைக் கொஞ்சம் சத்தமாக நகர்த்துவாள். இப்போதும் நகர்த்தினாள். "என்னம்மா, மெக்கானிக்கு வந்துட்டுப் போறாரு? இன்னொரு சேலை கருகிடுச்சா?"

"தலையணை உறை" என்றாள் லோகநாயகி. "நான் போட்டது. கஸ்தூரி, தப்பு மெஷின்லதான். அவ மேல ஒண்ணும் இல்ல."

கஸ்தூரி மாப்பைப் பிழிந்தாள். தண்ணீர் வாளியில் விழுந்தது. "இதைத்தானேம்மா அவ அன்னைக்கே சொன்னா."

"சொன்னா."

"படிச்ச நீங்க கண்டுபிடிக்க மூணு மாசமா?"

"ஆமா" என்றாள். வேறு ஏதேனும் சொல்லியிருந்தால், சென்சார், விரிசல், ஊட்டி என்று, அது விளக்கமாகிவிடும். விளக்கம் சொன்னால் பாதிப் பாரம் இறங்கிவிடும். இறக்க அவளுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. "அவ நம்பர் மாறிடுச்சா? போட்டா போகல. நான் பேசணும்."

"புது நம்பர் இருக்கு. ஆனா நான் உங்களுக்குக் குடுக்க மாட்டேன். கோச்சுக்காதீங்க. அவளைக் கேட்டுட்டுத்தான் குடுப்பேன்."

"கேளு."

கஸ்தூரி ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து மாடிப்படிப் பக்கம் போனாள். லோகநாயகி நின்றாள். ஈரத் தரையில் தன் செருப்புத் தடம் பதிந்திருந்ததைப் பார்த்தாள்; நகர்ந்தால் இன்னும் இரண்டு பதியும் என்று நகராமல் நின்றாள். படிக்கட்டிலிருந்து கஸ்தூரியின் குரல் ஏறியும் தாழ்ந்தும் வந்தது, "ஆமாண்டி, அதே டீச்சரம்மாதான்... மெஷினாம்... அவங்களே சொல்றாங்கடி..." லோகநாயகி சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள். முதல் வாக்கியம் அழகாக வந்தது. அதைக் கலைத்தாள். இரண்டாவதும் அழகாக வந்தது. கஸ்தூரி திரும்பி வந்தாள்.

"வேண்டாங்கறா."

"என்ன சொன்னா?"

"அவ்வளவுதான்மா. வேண்டாம்னா. வேலை நேரம், சூப்பர்வைசர் பாக்கறான்னு வச்சுட்டா." கஸ்தூரி வாளியைத் தூக்கினாள். இந்த முறை சத்தமில்லாமல். லோகநாயகி எங்கே வேலை என்று கேட்டாள். கஸ்தூரி சொன்னாள்.

செல்வராணி தை மாதக் கடைசியிலேயே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளியில் நடுவருடத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு, திருப்பூருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வரும் பனியன்களின் நூல் பிசிர் வெட்டுகிறாள்.